பைன்வுட் டெர்பி: மகன் ஆட்டோ வேண்டும் என்கிறான், நான் ஆப்பு வடிவம் என்கிறேன்

எடிசன்வாசி | ஜனவரி 4, இரவு 10.20

வணக்கம் மக்களே. நியூஜெர்சியில் இருக்கிறோம், மகன் மூன்றாம் வகுப்பு. இந்த வருடம்தான் கப் ஸ்கவுட்டில் (சின்னப் பிள்ளைகளுக்கான சாரணர் இயக்கம்) சேர்த்தோம், அதனால் இந்த பைன்வுட் டெர்பி சமாச்சாரம் எங்களுக்குப் புதிது. போன வாரம் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் ஒரு பைன் கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அவற்றுக்கு அச்சாக நான்கு ஆணி. அவ்வளவுதான். எஞ்சினும் கிடையாது, பாட்டரியும் கிடையாது. சரிவின் உச்சியில் வைத்து விடுவார்களாம், புவியீர்ப்பு இழுத்துக்கொண்டு போகுமாம், முதலில் கோட்டைத் தொடுவது ஜெயிக்குமாம். பிப்ரவரி 8 சனிக்கிழமை போட்டி.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். கட்டை 7 அங்குல நீளம், 1¾ அகலம், 1¼ உயரம். முடித்த வண்டி 5 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. சக்கரத்தோடு சேர்த்து அகலம் 2¾ அங்குலத்துக்குள். வண்டியின் அடிப்பக்கம் தரையிலிருந்து 3/8 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். நான்கு சக்கரமும் பெட்டியில் வந்ததாகவே இருக்க வேண்டும். எண்ணெய் கூடாது, உலர்ந்த கிராஃபைட் தூள் மட்டும்.

இப்போது பஞ்சாயத்துக்கு வருகிறேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்ததில், முன்னால் மெலிந்து பின்னால் தடித்த ஆப்பு வடிவம்தான் வேகம் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. மகனோ போன கோடையில் சென்னைக்குப் போய் வந்ததிலிருந்து ஆட்டோ பைத்தியமாக இருக்கிறான். மஞ்சள் ஆட்டோதான் செய்வேன், இல்லையென்றால் நான் வரவில்லை என்கிறான். ஆட்டோ மூஞ்சியோடு இறங்கினால் காற்றே நிறுத்திவிடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். வீட்டில் ரம்பம்கூடக் கிடையாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஃபிரிஸ்கோ அம்மா | ஜனவரி 4, இரவு 10.41

ஆட்டோ செய்யுங்கள். வண்டி அவனுடையது.

மரத்தூள் | ஜனவரி 4, இரவு 11.55

எனக்கு இது ஆறாவது வருடம் (மகள் முதலில், இப்போது மகன்), அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதல் விஷயம், எல்லோரும் உடம்பையே பார்க்கிறோம், வேகம் இருப்பது அந்த நான்கு ஆணியில். பெட்டியில் இருக்கும் ஆணியை எடுத்துக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். தலைக்கு அடியில், தண்டு ஆரம்பிக்கும் இடத்தில், கம்பியை அழுத்தி ஆணியாக்கியபோது பிதுங்கிய சின்னச் சின்ன முள் இருக்கும். தண்டிலும் வரி வரியாக அழுத்திய தடம் இருக்கும். சக்கரம் சுற்றும்போது இந்த முள்தான் பிளாஸ்டிக்கைச் சுரண்டிக்கொண்டே வரும். ஆணியை டிரில்லின் வாயில் மாட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு, சின்ன அரத்தால் அந்த முள்ளை எடுங்கள். அப்புறம் உப்புத்தாள், 400 எண்ணில் ஆரம்பித்து 600, 1000, 2000 என்று போக வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கடைசியில் ஆணியில் உங்கள் விளக்கு வெளிச்சம் கோடாகத் தெரியும், அதுதான் அளவு. ஒரு ஆணிக்குப் பத்து நிமிடம். டிரில்லை நீங்கள் பிடியுங்கள், தாளை மகன் பிடிக்கட்டும். கண்ணாடி போட்டு விடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை முழுதாகச் செய்யக்கூடிய வேலை இது, அதுவும் வண்டியிலேயே மிக முக்கியமான வேலை.

இரண்டாவது எடை. 5 அவுன்ஸ் என்றால் 141.7 கிராம். அந்த எல்லையை ஒட்டி நிற்க வேண்டும், 4.8 என்று விட்டுவிட்டால் நஷ்டம். வெட்டிய மரமும் சக்கரமும் சேர்ந்து பாதி எடைகூட வராது, மிச்சத்துக்கு உலோகம் பதிக்க வேண்டும். ஈயத்தைத் தொடாதீர்கள், பிள்ளைகள் கையில் அது வேண்டாம். டங்ஸ்டன் விலை அதிகம்தான், ஆனால் அடர்த்தி 19-க்கு மேல், ஈயமே 11 சொச்சம்தான். அதாவது கொஞ்ச இடத்தில் நிறைய எடையை அடைக்கலாம், அதுவும் பின்னாலேயே.

ஏன் பின்னால் என்று கேட்பீர்கள். உச்சியில் வண்டி மூக்கைக் கீழே போட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எடை வாலில் இருந்தால் அந்த எடை இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து விழுகிறது. எடையின் மையத்தை ஒரு அங்குலம் பின்னால் தள்ளினால் கூடுதலாக ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். சரிவின் உயரமே நாலடி, அதாவது 120 சென்டிமீட்டர்தான். கணக்குப் போட்டால் வேகத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு வரும். சிரிப்பாக இருக்கும். ஆனால் அடிவாரத்தில் இருக்கும் சமதளம் எட்டு மீட்டர் என்றால் அந்த அரைப் பங்கு நான்கு சென்டிமீட்டர். இந்தப் போட்டியில் வண்டிகள் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த நான்கு சென்டிமீட்டரில்தான்.

அதற்காக ஒரேயடியாகப் பின்னால் தள்ளிவிடாதீர்கள், முன்சக்கரம் லேசாகிவிட்டால் சரிவு முடிந்து சமமாகும் இடத்தில் வண்டி தடுமாறும். பின் அச்சுக்கு ஒரு அங்குலம் முன்னால் ஒரு அளவுகோலின் விளிம்பில் வைத்தால் வண்டி தராசு போல் நிற்க வேண்டும். முதல் வருடத்துக்கு அது போதும்.

இன்னொன்று, கட்டையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஆணி அடிக்கும் இரண்டு காடியும் (குறுக்கே வெட்டிய பள்ளம்) இரு முனையிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்காது. முனைக்கு அருகில் இருக்கும் காடியைப் பின்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நிறைய பேர் இதைக் கவனிக்காமல் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

நுங்குவண்டி | ஜனவரி 5, காலை 7.10

டீ ஆறிவிட்டது சார்.

எங்கள் ஊரில் இரண்டு நுங்குக் கூந்தலை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவோம். குச்சியைச் சீவி வழவழப்பாக்கினவன் வண்டிதான் முதலில் போகும், சீவாதவன் வண்டி கத்திக்கொண்டே பின்னால் வரும். எங்கள் தாத்தா மாட்டுவண்டிக்கு அச்சில் வண்டிமை போடுவார், வைக்கோலை எரித்த கரியை எண்ணெயில் குழைத்தது. மரத்தூள் எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. ஆக விஷயம் ஒன்றுதான், அச்சு சத்தம் போடக் கூடாது.

ஆட்டோவுக்கு என் ஓட்டு.

எடிசன்வாசி | ஜனவரி 5, காலை 9.30

மரத்தூள், நன்றி. இதை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். மகனிடம் எடையைப் பற்றிச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்டான், பதில் சொல்லத் தெரியவில்லை. "கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில்தானே விழும், பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே, அப்புறம் ஏன் வண்டி கனமாக இருக்க வேண்டும்?" சாப்பிடு முதலில் என்று சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கிறேன்.

மரத்தூள் | ஜனவரி 5, பகல் 12.15

பையன் பிழைத்துக்கொள்வான். அவன் சொல்வது சரி, வெற்றிடத்தில் வழுக்கிக்கொண்டு போனால் எடையால் ஒரு லாபமும் இல்லை. அச்சு உராய்வும் எடை கூடினால் சேர்ந்தே கூடும், அங்கேயும் லாபம் இல்லை. ஆனால் இரண்டு பேர் எடையைப் பார்க்காமல் வரி வாங்குகிறார்கள். ஒருவர் காற்று. வண்டி எவ்வளவு கனம் என்று காற்றுக்குத் தெரியாது, எவ்வளவு அகலம் என்றுதான் தெரியும். இன்னொருவர் சக்கரம். அதை உருட்டிவிடவே கொஞ்சம் ஆற்றல் போகிறது, நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து நூற்றில் நான்கைந்து பங்கு. வரி நிலையான தொகை என்றால் கையில் பணம் அதிகம் உள்ளவனுக்கு வலிக்காது இல்லையா, அவ்வளவுதான்.

காற்றைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. அடிவாரத்தில் வண்டி மணிக்கு 16, 17 கிலோமீட்டர் வேகம்தான் போகும், மொத்த ஓட்டமே மூன்று விநாடி. கட்டையைக் கட்டையாகவே விட்டால் காற்று நன்றாகவே பிடிக்கும். மெலிதாக வெட்டிவிட்ட பிறகு மூக்கு கூர்மையா உருண்டையா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆட்டோவைத் தாழ்த்திச் செய்ய முடியுமா பாருங்கள்.

ஸ்கார்பரோ அண்ணை | ஜனவரி 5, பிற்பகல் 3.40

இங்கே கனடாவில் இதே விளையாட்டுக்கு கப் கார் என்று பெயர், மூத்தவனுக்கும் இளையவனுக்குமாக நான்கு வண்டி செய்துவிட்டேன். எடை பற்றி ஒரு அனுபவம். வீட்டுத் தராசில் சரியாக நிறுத்துக்கொண்டு போனோம், அங்கே தராசு கூடக் காட்டியது. இரவு முழுக்க ஒட்டின எடையை மண்டபத்து மூலையில் வைத்து உளியால் கிண்டி எடுத்தோம், பிள்ளை அழுதே விட்டான். அதனால் எடையில் ஒரு சின்னத் துண்டைக் கழற்றக்கூடிய மாதிரி, திருகாணி போட்டு விடுங்கோ. கூடினால் கழற்றலாம், குறைந்தால் போடலாம்.

மரத்தூள் | ஜனவரி 5, பிற்பகல் 4.02

அருமையான யோசனை. வீட்டுத் தராசைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஐந்து சென்ட் நாணயம் ஒவ்வொன்றும் சரியாக 5 கிராம். 28 நாணயம் வைத்தால் 140 காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் தராசு பொய் சொல்கிறது.

ஸ்கார்பரோ அண்ணை | ஜனவரி 5, பிற்பகல் 4.11

அது உங்கள் ஊர்க் காசு. எங்கள் ஐந்து சென்ட் 3.95 கிராம். நான் நம்பி வைத்திருந்தால் அந்த வருடமும் அழுகைதான்.

வெற்றிமுகம் | ஜனவரி 6, இரவு 8.25

எதற்கு இவ்வளவு கஷ்டம்? ஆன்லைனில் ஆணி மெருகேற்றி, சக்கரம் கடைந்து, அச்சு கோணம் பார்த்துத் துளைபோட்ட கட்டை என்று முழு செட்டாகவே விற்கிறார்கள். நூறு டாலர் பக்கம் ஆகும். வாங்கிப் பெயின்ட் அடித்து விட்டேன், என் பையன் போன வருடம் முதலிடம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், நேரம் எங்கே இருக்கிறது.

ஃபிரிஸ்கோ அம்மா | ஜனவரி 6, இரவு 8.52

முதலிடம் உங்களுக்கா பையனுக்கா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதைச் செய்தவள்தான். முதல் வருடம் என் கணவரும் நானும் பாதி ராத்திரி வரை காரேஜில் உட்கார்ந்து செய்தோம், மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். போட்டியில் நான்காவது வந்தது. பரிசு வாங்கும்போது ஒரு தாத்தா குனிந்து, "எந்த இடம் செய்யக் கஷ்டமாக இருந்தது?" என்று அவளிடம் கேட்டார். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. அடுத்த வருடம் சட்டம் போட்டோம், ரம்பமும் டிரில்லும் மட்டும் எங்களுடையது, மற்றதெல்லாம் அவள். பெயின்ட் வழிந்து காடிக்குள் போய் உறைந்துவிட்டது, சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது, கடைசிக்கு முந்தின இடம். ஆனால் அந்தக் காடியை எப்படிச் சுரண்டி எடுத்தாள் என்று மூன்று மாதம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

(பெயின்ட் அடிக்கும் முன் காடியின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.)

வெற்றிமுகம் | ஜனவரி 6, இரவு 9.05

போட்டி என்றால் போட்டிதான். தோற்கவா போகிறோம்? விதியில் இருந்தால் தவறில்லை.

டாரன்ஸ் கிழவன் | ஜனவரி 6, இரவு 11.30

நான் இருக்கும் இடத்திலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிறது மன்ஹாட்டன் பீச். இந்தப் போட்டி பிறந்த ஊர் அதுதான், 1953 மே மாதம். டான் மர்ஃபி என்பவர் அங்கே கப் ஸ்கவுட் தலைவர், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் விமான கம்பெனியில் வேலை. மகனுக்குப் பத்து வயது. அப்போது பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பி பிரபலம், ஓஹையோவில் ஆக்ரனில் நடக்கும். அதற்கு இந்தப் பையனின் வயது போதாது. சரி, உள்ளே உட்கார முடியாவிட்டால் என்ன, கையளவு வண்டி செய்து ஓட்டலாம் என்று அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்கிற மாதிரி இதை யோசித்தார். முதல் ஓடுபாதை 31 அடி, இரண்டு தடம், யார் முதலில் வந்தது என்று காட்ட வாசல் மணியைப் பிரித்துப் பாட்டரியில் மாட்டியிருந்தார்கள். அடுத்த வருடம் அக்டோபரில் ஸ்கவுட் பத்திரிகையில் படத்தோடு வந்தது, நாடு முழுக்கப் பரவியது.

ஆக வயது போதாத ஒரு பையனுக்காக வந்த விளையாட்டு ஐயா இது. நூறு டாலர் பெட்டியை வாங்குகிறவர் வாங்கட்டும், ஆனால் வயது போதாதவன் இப்போது வீட்டில் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய இடங்களில் பெரியவர்களுக்கென்று தனிப் பந்தயமே வைக்கிறார்கள், அப்பாக்கள் அங்கே போய் முட்டிக்கொள்ளலாம்.

நுங்குவண்டி | ஜனவரி 7, காலை 6.58

அந்தப் பந்தயத்தில் போன வருடம் நான் கடைசி. சும்மா தகவலுக்கு.

எடிசன்வாசி | ஜனவரி 19, இரவு 9.15

நிலவரம் சொல்கிறேன். ஸ்கவுட் குழுவில் ஒருவர் தன் காரேஜில் ரம்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து வைத்திருந்தார், அங்கே போய் வெட்டிக்கொண்டு வந்தோம். சமாதான உடன்படிக்கை: ஆட்டோதான், ஆனால் லாரிக்கு அடியில் புகுந்து வந்த ஆட்டோ மாதிரி தட்டையானது. முன்பக்கம் சரிவு, பின்னால் மட்டும் ஒரு சின்னக் கூரை மேடு, அதன் கீழே டங்ஸ்டன். மகனே அட்டையில் வரைந்து, வெட்டி, கட்டையில் ஒட்டிக் கொடுத்தான்.

ஆணி நான்கும் முடிந்தது. முதல் ஆணிக்கு நாற்பது நிமிடம், கடைசி ஆணிக்கு எட்டு. நடுவில் ஒன்று டிரில்லிலிருந்து தெறித்து அலமாரிக்குக் கீழே போய், மூன்று நாள் கழித்துக் கிடைத்தது. 3000 எண் தாளில் தேய்த்த பிறகு ஆணித்தலையில் தன் முகம் தெரிகிறது என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

ஒரு சந்தேகம். தரையில் உருட்டிவிட்டால் வண்டி நேராகப் போகவில்லை, ஆறு அடியில் இடப்பக்கம் வளைந்து சோபாவுக்கு அடியில் போகிறது.

மரத்தூள் | ஜனவரி 19, இரவு 10.40

முதலில் பாதையைப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஒரு மேடான பட்டை ஓடும். வண்டி அதன் மேல் கால் அகட்டி நிற்கும், இரண்டு சக்கரம் இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். பட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி உண்டு. வண்டி நேராகப் போகிறது என்று நாம் நினைத்தாலும் அது இந்தப் பக்கம் முட்டி, அந்தப் பக்கம் முட்டி, நாலைந்து தடவை அல்லாடிக்கொண்டுதான் போகும். ஒவ்வொரு முட்டலும் வேகத்தைத் தின்னும்.

அதனால் தெரிந்தவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். வண்டியை வேண்டுமென்றே ஒரு பக்கமாக லேசாக வளைய விடுவது. அப்போது ஒரு முன்சக்கரம் பட்டையைத் தொட்டுக்கொண்டே போகும், மற்றதெல்லாம் ஒழுங்காகப் பின்னால் வரும். தேர் இழுக்கும்போது சக்கரத்தில் முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்புவார்களே, அந்த மாதிரி ஒரு இடத்தில் கொஞ்சம் உராய்வைக் கொடுத்து மற்ற இடத்தில் மிச்சம் பிடிப்பது. இதற்கு அந்த முன் ஆணியைக் கொஞ்சம் வளைத்து அடிப்பார்கள், திருகினால் சக்கரத்தின் கோணம் மாறும். நாலடிப் பலகையில் மெதுவாக உருட்டி, இரண்டு மூன்று அங்குலம் வளையும்படி வைப்பார்கள்.

அதோடு சேர்ந்த இன்னொன்று, மற்ற முன்சக்கரத்தைத் தரையில் படாமல் மயிரிழை தூக்கிவிடுவது. உருட்ட வேண்டிய சக்கரம் ஒன்று குறைகிறது, உராய்வும் குறைகிறது. ஆனால் இரண்டுக்கும் முன்னால் உங்கள் விதித்தாளைப் பாருங்கள். சில குழுக்களில் ஆணியை வளைக்கக் கூடாது, நான்கு சக்கரமும் தரையில் பட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். எழுதாமல் விட்டிருந்தால் கேட்டுவிடுங்கள். போட்டி அன்று வாக்குவாதம் வேண்டாம்.

ஃபிரிஸ்கோ அம்மா | ஜனவரி 19, இரவு 11.08

எட்டு வயதுப் பிள்ளையோடு ஆணியை வளைத்துக் கோணம் பார்ப்பதா? இங்கேதான் அப்பாக்கள் மறுபடியும் வண்டியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். சோபாவுக்கு அடியில் போகாத அளவுக்கு நேராக்கினால் போதாதா?

மரத்தூள் | ஜனவரி 20, காலை 8.20

பாதி ஒத்துக்கொள்கிறேன். வளைப்பது முதல் வருடத்துக்கு வேண்டாம். ஆனால் பலகையில் உருட்டிப் பார்ப்பதைப் பிள்ளைகள் மாதிரி பெரியவர்கள் செய்ய முடியாது. நான் பத்து தடவையில் சலித்துவிடுவேன், என் மகள் அறுபது தடவை உருட்டி நோட்டில் எழுதி வைத்தாள். எடிசன்வாசி, காடி கோணலாக வெட்டியிருக்கும், அதனால்தான் வளைகிறது. இடப்பக்க முன் ஆணியைக் குறட்டால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கி உருட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் உருட்டுவது அவன் வேலை.

எடிசன்வாசி | ஜனவரி 20, இரவு 9.50

குழுத் தலைவரிடம் கேட்டுவிட்டேன். ஆணியை வளைக்கக் கூடாது, நான்கு சக்கரமும் மாட்டியிருக்க வேண்டும், ஆனால் நான்கும் தரையில் பட வேண்டும் என்று எங்கள் குழுவில் விதி இல்லை.

இதை மகனிடம் சொன்னேன். ஒரு சக்கரத்தைத் தூக்கிவிட்டால் மூன்று சக்கரத்தில் ஓடும், அதுதான் வேகமாம் என்றேன். என்னை ஏதோ ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "ஆட்டோவுக்கு மூன்று சக்கரம்தானே அப்பா" என்றான்.

நுங்குவண்டி | ஜனவரி 20, இரவு 9.58

யோவ். இரண்டு வாரமாக இத்தனை பேர் எழுதுகிறோம், ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

டாரன்ஸ் கிழவன் | ஜனவரி 20, இரவு 10.30

ஆப்பு வாங்கியது யார் என்று இப்போது தெரிகிறது.

ஸ்கார்பரோ அண்ணை | ஜனவரி 21, காலை 7.45

தூக்கும் சக்கரத்தின் காடியை ஒரு மெல்லிய அட்டை அளவுக்கு உயர்த்தினால் போதும் தம்பி, அதிகம் வேண்டாம். கிராஃபைட் போடும்போது பழைய பேப்பர் விரித்து, வெளியே வைத்துப் போடுங்கோ. நான் சமையலறை மேசையில் போட்டேன். சக்கரத்தின் துளைக்குள் தூளைப் போட்டு, சுற்றி, தட்டி, மறுபடி போட்டு, ஐந்தாறு தரம் செய்ய வேணும். சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு அட்டை நுழைகிற இடைவெளி விடுங்கோ. ஆணிகளை அடித்த பிறகு காடியில் துளி பசை வையுங்கோ, இல்லாவிட்டால் ஓடும்போது கழன்றுவிடும்.

எடிசன்வாசி | ஜனவரி 30, இரவு 8.35

பெயின்ட் முடிந்தது, டேப் ஒட்டித்தான் அடித்தோம். மஞ்சள், கூரை மட்டும் கறுப்பு. முதுகில் ஏதாவது எழுத வேண்டும் என்றான், பந்தய எண் எழுது என்றேன். அவன் பாட்டிக்கு வீடியோவில் கூப்பிட்டு, சென்னை ஆட்டோவின் பின்னால் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டு, "பிரசவத்திற்கு இலவசம்" என்று எழுதி வைத்திருக்கிறான். தமிழ் வகுப்பில் எழுதச் சொன்னால் ஒரு வரிக்கு அரை மணி நேரம் எடுப்பவன், இதை நகம் அளவு எழுத்தில் ஒரே மூச்சில் எழுதினான். "இலவசம்" என்பதில் ல-வுக்குப் பதில் ள போட்டிருக்கிறான், நான் திருத்தவில்லை.

28 நாணயத்தை வைத்துப் பார்த்தோம், தராசு 139 காட்டியது. அதாவது ஒரு கிராம் குறைத்துச் சொல்கிறது. திருகாணி யோசனையையும் செய்துவிட்டோம்.

எடிசன்வாசி | பிப்ரவரி 8, இரவு 9.10

முடிந்தது. மொத்தம் 34 வண்டி. கால் கிலோமீட்டர் தள்ளித்தான் காரை நிறுத்த முடிந்தது. அங்கிருந்து மகன் வண்டிப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பனியில் நடந்தான், என்னிடம் தரவில்லை.

எடை பார்த்தபோது 5.02 காட்டியது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு அப்பா துளைபோட இடம் தேடி அலைந்துகொண்டிருந்தார். மகன் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, திருகாணியைக் கழற்றி, சின்னது ஒன்று போட்டான். 4.99. அண்ணை, உங்களுக்குக் கோடி புண்ணியம்.

ஒவ்வொரு வண்டியும் நான்கு தடத்திலும் ஒரு தடவை ஓட வேண்டும், கம்ப்யூட்டர் நேரம் எடுக்கும். முதல் ஓட்டத்தில் முதலிடம், இரண்டாவதில் இரண்டாமிடம். மூன்றாவதில் அடிவாரத்தைத் தாண்டியதும் வலப்பக்கப் பின்சக்கரம் ஆணியோடு கழன்று தனியாக உருண்டு ஓடியது, வண்டி தேய்த்துக்கொண்டே போய் நின்றது. அந்த ஒரு ஆணிக்குப் பசை வைக்க நான் மறந்திருக்கிறேன். மூன்றுக்கு வைத்தேன், நான்காவதுக்கு வைக்கும் நேரம் போன் வந்தது. பசை என் வேலை என்று பிரித்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அவனே ஆணியைத் துடைத்து, கிராஃபைட் போட்டு, அட்டையை நடுவில் வைத்து இடைவெளி பார்த்து அமுக்கினான், நான் பசையை மட்டும் வைத்தேன். நான்காவது ஓட்டத்தில் மறுபடி முதலிடம். சராசரி பார்த்ததில் 19ஆவது. முதலிடம் முதல் வகுப்புப் படிக்கும் ஒரு குட்டிப் பெண்ணுக்கு. வண்டியைப் பார்த்தால் ஏறக்குறைய வெட்டாத கட்டைதான், ஊதா பெயின்ட்டும் ஜிகினாவும். கையில் வாங்கிச் சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தேன், நிற்கவே இல்லை.

மரத்தூள் | பிப்ரவரி 8, இரவு 9.31

அந்தப் பெண் வீட்டில் ஆணி யார் தேய்த்தார்கள் என்று கேட்டீர்களா?

எடிசன்வாசி | பிப்ரவரி 8, இரவு 9.44

நான் கேட்கவில்லை, மகன் போய்க் கேட்டான். டிரில் அவளுடைய பாட்டி பிடித்தாராம், தாள் அவள்தானாம். எந்த எண் வரை தேய்த்தாய் என்று கேட்டானாம், அதற்கு அவள் ஜீன்ஸ் துணி வரை என்றாளாம். இப்போது என் பழைய ஜீன்ஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறான்.

ஃபிரிஸ்கோ அம்மா | பிப்ரவரி 8, இரவு 9.50

பசை விஷயத்தில் உங்களை மன்னித்துவிட்டானா?

எடிசன்வாசி | பிப்ரவரி 8, இரவு 10.02

காரில் வரும்போது பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அடுத்த வருட வேலைப் பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். பசை அவன் பெயருக்குப் போய்விட்டது. எனக்கு டிரில் மட்டும்தான்.